வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு யாத்திரை

அடையாறு காந்தி நகரிலும் கஸ்தூரிபா நகரிலும், பிள்ளையோ பெண்ணோ ஒருவராவது அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் மிகுதி. அக்குடும்பங்களின் பெரியவர்கள் பங்குனி வெயில் உச்சிக்கு ஏறுமுன் விமானம் ஏறி, பேரன் பேத்திகளோடு சில மாதங்கள் இருந்துவிட்டு, ஐப்பசி மழைக்கு ஊர் திரும்புவது இப்பகுதியில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. திரும்பி வந்தவர்கள் மாலையில் எலியட்ஸ் கடற்கரையில் கூடிப் பேசும்போது, நயாகரா நீர்வீழ்ச்சி, வாஷிங்டன் மாளிகைகள், பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி என்ற வரிசை தவறாமல் வரும். இப்போது அந்த வரிசையில் புதிதாக ஒன்றும் சேர்ந்து காதில் விழுகிறது. காரின் பின்னால் ஒரு டிரெய்லர் வண்டியைப் பூட்டி, அதனுள் சமையலறை, படுக்கை, குளியலறை சகிதமாக ஒரு சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு, ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போய், ஹோட்டலில் தங்காமல், அதன் எல்லைக்குள்ளேயே அமைந்த ஃபோர்ட் வில்டர்னஸ் என்னும் முகாம் மைதானத்தில் தங்கி வருவதுதான் அது.

நானும் என் மனைவியும் அட்லாண்டாவில் இருக்கும் மகள் குடும்பத்தோடு அவ்வாறு போய் வந்தோம். குழந்தைகள் விரும்பிப் போனது மாய மாளிகையையும் ராட்டினங்களையும் பார்க்கத்தான். அவற்றின் சிறப்பை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைக் காட்டிலும் பெரிய விஷயமாகத் தோன்றியது, வண்டியோடு வந்த ஒரு குடும்பத்தை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, தண்ணீர், விளக்கு, நிழல், கழிவுக்கு வழி ஆகிய நான்கையும் கொடுத்து, மற்றதையெல்லாம் அக்குடும்பத்தின் கையிலேயே விட்டுவிடும் அந்த நிலம்தான். அத்தகைய நிலத்தைப் பேணி வைப்பதில் நம் முன்னோர் ஒரு காலத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்பதாலும், இன்று நம் சென்னையைச் சுற்றி அப்படி ஓர் அங்குலம்கூட இல்லை என்பதாலும், இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

டிரெய்லர் என்றதும் நம் ஊர் டிராக்டரின் பின்னால் கரும்பு ஏற்றிப் போகும் பெட்டியை நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 25 அடி நீளமும் 2,500 கிலோவுக்குக் குறையாத எடையும் உள்ள வண்டி அது. தனக்கென்று எஞ்சின் கிடையாது. இழுக்கும் காரின் பின்புறத்தில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். டிரெய்லரின் முன்நீட்டத்திலுள்ள குழிவை அதன்மேல் இறக்கிப் பூட்டிவிட்டு, பூட்டு எக்காரணத்தாலோ கழன்றாலும் வண்டி தரையில் மோதாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்கு நெடுக்காக மாட்டி, விளக்குக்கும் பிரேக்குக்கும் உரிய மின்கம்பியைச் செருகி, ஒருவர் காரில் அமர்ந்து பிரேக்கை மிதிக்க இன்னொருவர் பின்னால் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருளலாம். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் அந்தக் குண்டின்மேல் அமர வேண்டும் என்பது இதில் தலையாய விதி. பாரம் பின்பக்கம் மிகுந்துவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் வலமும் இடமுமாக ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துச் சாய்த்துவிடக்கூடும். ஆகவே அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் புட்டிகளையும் குக்கரையும் இட்லிப் பானையையும் எங்கே வைப்பது என்பது வெறும் வீட்டு விஷயமாக இராமல் பௌதிக சாஸ்திர விஷயமாகிவிடுகிறது. என் மனைவி பின்பக்கத்து அலமாரியில் அடுக்கியிருந்ததையெல்லாம் மருமகன் ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கு முன்னால் மாற்றியபோது, இடம் பழக்கமில்லாத அவள் சிறிது சிணுங்கினாலும், காரணத்தைச் சொன்னதும் தானே நின்று மிச்சத்தையும் மாற்றி வைத்தாள்.

அட்லாண்டாவின் தெற்கே ரிவர்டேலில் உள்ள வேங்கடேசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். அங்கிருந்து மேக்கன், வல்டோஸ்டா வழியாக ஆர்லாண்டோ வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தனிக் காரில் ஒரு பகலில் சுலபமாகக் கடந்துவிடும் அந்தத் தூரத்தை, டிரெய்லரோடு போகிறவர்கள் வலப்பக்கத் தடத்திலேயே நிதானமாக ஓட்டி, அடிக்கடி நிறுத்தி, டயரையும் சக்கரத்தின் குடத்தையும் தொட்டுப் பார்த்துச் சூடு மிகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு போவதுதான் முறை. ஓடும் டிரெய்லருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது ஃபுளோரிடா மாநிலத்துச் சட்டம். படுக்கை காலியாக இருக்கிறதே என்று குழந்தையை அங்கே தூங்கவைக்க முடியாது. ஜார்ஜியாவின் தென்பகுதியில் சாலையோரக் கடைகளில் பெரிய அண்டாக்களில் வேர்க்கடலையைத் தோலோடு உப்புநீரில் அவித்துக் காகிதப் பையில் சுடச்சுட அள்ளிக் கொடுப்பதைப் பார்த்தபோது, திண்டிவனம் பக்கத்துச் சந்தையொன்றில் நிற்பது போன்ற உணர்வு எங்களுக்கு உண்டாயிற்று. உப்பு மட்டும் நம் பக்குவத்துக்குச் சற்று அதிகம்.

ஃபோர்ட் வில்டர்னஸ் பிற்காலத்தில் யோசித்துச் சேர்த்த அங்கமன்று. வால்ட் டிஸ்னியும் அவருடைய நிறுவனத்தாரும் 1960களில் ஆர்லாண்டோவுக்கு அருகே ஏறத்தாழ 27,000 ஏக்கர் சதுப்பு நிலமும் காடும் வாங்கினார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி காலமானபின் அவருடைய தமையனார் ராய் டிஸ்னி பொறுப்பேற்று, 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்னும் முதல் பூங்காவைத் திறந்தார். அதே நாளில் இரண்டு ஆடம்பர ஹோட்டல்களும் திறக்கப்பட்டன. ஐம்பதே நாட்களுக்குள், அவ்வாண்டு நவம்பர் 19 அன்று, இந்த முகாம் மைதானமும் திறக்கப்பட்டது. மாளிகை போன்ற ஹோட்டலில் தங்க வசதி உள்ளவனையும், கூடாரத்தைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வருகிறவனையும் ஒரே காலத்தில் மனத்தில் வைத்துத் திட்டமிட்டார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். பே ஏரியின் கரையில் பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் அடர்ந்த ஏறத்தாழ 750 ஏக்கரில், மரங்களுக்கு நடுவே வளைந்து திரும்பும் சிறு சாலைகளின் ஓரமாக, ஏறத்தாழ 800 முகாமிடங்கள் அங்கே உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் வண்டி நிற்கத் தளமிட்ட பரப்பு, மின்சாரம், குடிநீர்க் குழாய், மரமேசை, கரியடுப்பு. நாங்கள் தங்கியது போன்ற இடங்களில் கழிவுநீர்க் குழாயும் உண்டு. ஓர் இடத்தில் பத்துப் பேர் வரை தங்கலாம். சற்று நடந்தால் வெந்நீர்க் குளியலறையும் துணி துவைக்கும் யந்திரங்களும் உள்ள பொதுக் கட்டடம். ஏரிக்கரைக்குப் போனால் மேஜிக் கிங்டத்துக்குப் படகு. வெளியிலுள்ள சாதாரண முகாம்களைக் காட்டிலும் வாடகை பல மடங்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதே எல்லைக்குள்ளிருக்கும் ஹோட்டல் அறைகளோடு ஒப்பிட்டால், எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு இதுவே கட்டுப்படியாகிறது.

வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி மரங்களுக்கிடையே உள்ள தளத்தில் நிறுத்துவதுதான் இந்தப் பிரயாணத்தின் பரீட்சை. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும் என்று, கேட்காமலே எழுந்து வந்த பக்கத்து முகாமிடத்துப் பெரியவர் ஒருவர் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். சொல்லியதோடு நிற்காமல், பின்னால் போய் நின்று, இரு கைகளையும் உயர்த்திச் சைகை காட்டி வண்டியை இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் தம் நாற்காலிக்குத் திரும்பினார். பிறகு முட்டுக்கட்டைகளைச் சக்கரத்துக்கு இருபுறமும் வைத்து, அவை வைக்கப்பட்டன என்பதை இன்னொருவர் சரிபார்த்த பின்னரே காரைக் கழற்றி, மட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் தாங்குகால்களை இறக்கினோம். இத்தனையிலும் எட்டு வயதுப் பேத்திக்கும் ஒரு வேலை இருந்தது: மட்டக்கருவியின் நீர்க்குமிழி நடுவுக்கு வந்ததா என்று பார்த்துச் சொல்வது. வீட்டில் எந்த வேலைக்கும் அழைத்தால் வராத குழந்தை, அந்தக் குமிழியின் முன்னால் குத்திட்டு உட்கார்ந்து, 'இன்னும் இல்லை தாத்தா, இன்னும் கொஞ்சம்' என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வேலையைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். டிரெய்லரின் அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உள்ளன. ஒன்று கழிப்பறைக்குரியது, மற்றொன்று குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் உரியது. தடித்த குழாயை முகாமிடத்தின் கழிவுவாயில் பொருத்தி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்து காலிசெய்து, அதன்பின் சோப்புநீர்த் தொட்டியைத் திறந்துவிட்டால், பின்னது முன்னதன் அசுத்தத்தைக் குழாயிலிருந்து அலசிக்கொண்டு போகும். இதை ஆள் வைத்துச் செய்வதில்லை. வண்டிக்குரியவரே கையுறை மாட்டிக்கொண்டு செய்கிறார். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் மருமகன் குனிந்து நின்று அதைச் செய்ததையும், அடுத்த இடத்தில் வேறொருவர் அதே காரியத்தைக் காலைக் காப்பி குடிப்பதுபோன்ற சாதாரணத்தோடு செய்துகொண்டிருந்ததையும் பார்த்தபோது, என் மனம் நம் ஊரை எண்ணி வருந்தியது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும், கழிவுத் தொட்டிகளில் இறங்கி உயிரிழக்கும் தொழிலாளர் செய்தி நம் நகரத்துப் பத்திரிகைகளில் நின்றபாடில்லை. தன் குடும்பத்தின் கழிவு எங்கே போகிறது என்பதை ஒருவன் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் அதற்கு வழிசெய்து, அந்தக் குழாயைத் தானே கழுவிச் சுருட்டி வைப்பது, சுற்றுலாவின் அங்கமாகவேனும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டிய பயிற்சி என்றே நான் கருதுகிறேன்.

சமையலில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. ஃபுளோரிடாவின் ஏப்ரல் வெப்பத்தில் இட்லி மாவு நம் ஊரில் பொங்குவதுபோலவே பொங்கியது. டிரெய்லருக்குள் இருப்பது காஸ் அடுப்பு. ஆனால் கடுகும் மிளகாயும் தாளித்த புகை கூரையைத் தொட்டதும் அபாயமணி அலறத் தொடங்கிவிடும் ஆதலால், தாளிப்பை மட்டும் வெளியே மரமேசைமேல் வைத்த சிற்றடுப்புக்கு மாற்றிக்கொண்டோம். கரியடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டு, தோலுரித்துப் பிசைந்து, புளியும் பெருங்காயமும் சேர்த்துச் செய்த கொத்சுக்கு, வண்டியைத் திருப்பக் கற்றுக்கொடுத்த அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் விருந்தாளிகளாக வந்தார்கள். மாலையில் பொது முற்றத்தில் தீமூட்டி, அணில் வேஷமிட்ட இருவர் ஆட, குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து பாடுகிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. அங்கே குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெல்லோ என்னும் இனிப்பில் பிராணிகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் கலந்திருக்கும் என்பதைச் சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே அறிந்துகொண்டு, அது கலவாத வகையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இரவில் ஏரியின்மேல் விளக்குகளால் அமைந்த திமிங்கிலமும் கடற்பாம்பும் மிதந்து செல்லும் தெப்பக்காட்சி 1971 முதல் நடந்து வருகிறது. மயிலாப்பூர்த் தெப்பம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

உற்றுப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுவதுமே நமக்கு அந்நியமன்று. திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அச்சுக்கு மசகு போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்து, கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையையும் பித்தளைக் கூஜாவையும் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றி, வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு இரவோடிரவாகப் புறப்பட்டால், விடியும் வேளையில் கோயில் தோப்பை அடைவார்கள். மாட்டை அவிழ்த்து முளையில் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினால், திருவிழா முடியும்வரை அந்த வண்டிதான் வீடு. குடைராட்டினமும் தொட்டில் ராட்டினமும் வளையல் கடையும் அடுப்புக்கு எதிரிலேயே இருந்தன. குழந்தை களைத்தால் வண்டிக்கு ஓடிவந்து தூங்கும். எழுந்ததும் மறுபடி ராட்டினத்துக்கு ஓடும். அழகர்கோயிலுக்கு ஆடி மாதத்தில் இராமநாதபுரம் சீமைக் கிராமங்களிலிருந்து மாட்டுவண்டிகளில் குடும்பம் குடும்பமாக வருவோர் இன்றும் உண்டு.

அவர்களை ஏற்றுக்கொள்ள நிலமும் தயாராக இருந்தது. வழிநெடுகச் சுமைதாங்கிகள், மாட்டுக்குக் கல்தொட்டி, அது உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல், மனிதருக்குக் கிணறும் சாவடியும், வண்டி அவிழ்க்கத் தோப்பு. மதுரையில் ராணி மங்கம்மாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் அமைத்த சத்திரமும் போன்றவை இந்தத் தர்மத்தின் பெரிய வடிவங்கள். பெயர் தெரியாத ஒருவர் தம் தாயின் நினைவாக வைத்த கிணறும் நான்கு புளியமரமும் அதன் சிறிய வடிவம். ரயிலும் பஸ்ஸும் வந்தபின், வண்டியோடு வருகிறவன் இல்லை என்று எண்ணித் தோப்பை வெட்டினோம், சத்திரத்தை அலுவலகமாக்கினோம். வண்டி மட்டும் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது, தோப்பு திரும்பவில்லை.

அடையாற்றுக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பிரம்மஞான சபையின் பொன்விழா மாநாடு 1925 டிசம்பரில் நம் ஆற்றங்கரையில் கூடியபோது, பல தேசங்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகளுக்கு அந்தச் சோலையே தங்குமிடமாயிற்று. கட்டடங்கள் கொள்ளாதவர்களுக்குத் தற்காலிகக் குடில்கள் போட்டுக் கொடுத்தார்கள். அச்சபையின் தலைவராக இருந்த பெசன்ட் அம்மையாரின் பெயரால் அமைந்த சாரணர் முகாம் மைதானமும் இதே பகுதியில்தான் இருக்கிறது. மரத்தடியில் மனிதரைத் தங்கவைக்கும் கலையை இந்த இடம் ஒருபோதும் முழுவதும் மறந்ததில்லை.

ஆனால் திரு.வி.க. பாலத்திலிருந்து தெற்கே புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா, முட்டுக்காட்டை அடுத்து எம்.ஜி.எம்.; உள்ளே திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. பணம் படைத்தோருக்குக் கடலோர விடுதி அறைகள் ஏராளம். சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு, பாத்திர பண்டங்களோடு, பதினைந்து இருபது பேராக வருகிற குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? சாலையோர மண்ணில் அடுப்பு. வேன் இருக்கையிலேயே தூக்கம். பெண்களுக்குக் கழிவறை வேண்டுமானால் பெட்ரோல் பங்கைத் தேடி ஓட வேண்டும். இவர்கள்தாம் தமிழ்நாட்டின் உண்மையான முகாம்வாசிகள். ஃபோர்ட் வில்டர்னஸ் ஒரு குடும்பத்துக்குத் தரும் நான்கு வசதிகளும் முதலில் சேர வேண்டியது இவர்களுக்குத்தான்; டிரெய்லர் வாங்கக்கூடியவர்கள் பிறகு வரலாம்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்ப்பர் வேனுக்கும் டிரெய்லருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கேரள அரசு 2021-இல் இதற்கென்றே கொள்கை வகுத்து, அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்துவிட்டது. நம் கடற்கரையோரத்தில் சவுக்குத் தோப்புகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. மேட்டுப்பாங்கான ஒரு தோப்பு, வேன் திரும்பும் அகலத்துக்கு ஒரு வழி, இடத்துக்கொரு மின்செருகியும் தண்ணீர்க் குழாயும், அடுப்பு மூட்டச் சிமெண்டு மேடை, பெண்களுக்குப் பூட்டும் விளக்கும் உள்ள கழிவறை, கழிவைக் கடலுக்கோ முட்டுக்காட்டு உப்பங்கழிக்கோ விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு, இரவுக் காவல். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையிலும், அக்கினி நட்சத்திர வெயிலிலும் மூடி வைத்துவிட்டு, தை முதல் பங்குனி வரை நடத்தினால்கூடப் போதுமானது.

தேவை உண்டா என்று சந்தேகப்படுவோர் காணும் பொங்கலன்று மாமல்லபுரம் சாலையில் ஓரமாக நின்று, வாழையிலைக் கட்டும் கரும்பும் சாப்பாட்டுத் தூக்குமாகப் போகும் வண்டிகளைப் பார்க்கட்டும். சுற்றுலாத் துறையார் வருகிற தைமாதம், நிரந்தரமாக அல்லாவிட்டாலும் பொங்கலையொட்டிய மூன்று நாட்களுக்காவது, ஒரு சவுக்குத் தோப்பை வாடகைக்கு எடுத்து, தண்ணீர் லாரியும் நகரும் கழிவறைகளும் விளக்கும் வைத்து, குடும்பத்துக்கு நியாயமான ஒரு கட்டணம் வாங்கிப் பார்க்கலாம். கணக்கைத் தை முடிவதற்குள் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டால், நிரந்தரமாக எங்கே, எவ்வளவு பெரிதாக அமைப்பது என்பதை அதை வைத்தே தீர்மானித்துவிடலாம்.